தோட்டத்திலிருந்து வெளிநாட்டுப் பொறியியல் படிப்புக்கு: முழு உபகாரச் சம்பளம் தேடுவோருக்கான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் என்னும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்து வீடுகள் பல காலியாகக் கிடக்கின்றன. ஆனால் கணிதமும் இயற்பியலும் நன்றாக வரும் பிள்ளைகள் இன்னும் அந்த வீடுகளிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆறாம் படிவ ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அவர்களுடைய விண்ணப்பங்களைச் சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து பார்த்துத் தருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பிள்ளையுடன் வரும் தகப்பனார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "சார், எந்த ஸ்காலர்ஷிப் சுலபமா கிடைக்கும்?" நான் பதிலுக்கு வேறொன்றைக் கேட்பேன்: "ஐயா, விண்ணப்பம் அனுப்பும் நாளிலிருந்து முதல் மாதப் பணம் பிள்ளையின் கையில் விழும் நாள் வரை, வீட்டிலிருந்து எவ்வளவு வெள்ளி எடுக்க முடியும்?"

நான் பார்த்தவரை, நம் பிள்ளைகள் பலரை நிறுத்தியது மதிப்பெண் அன்று, இந்த இடைவெளிதான். கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு, தேர்வெழுதக் கோலாலம்பூர் போய்வரும் செலவு, போய் இறங்கிய முதல் மாதச் சாப்பாடு என்று சிறிது சிறிதாகச் சேரும் தொகையை எவரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி உபகாரச் சம்பளங்களின் பெயர்ப்பட்டியலோடு நிற்காமல், அவற்றை எப்படி அளப்பது, எந்த மாதத்தில் எதைச் செய்வது, அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பவற்றையும் சேர்த்தே சொல்கிறது.

முதல் படி: "முழு" என்ற சொல்லை அளந்து பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, கல்விக் கட்டணம், தங்குமிடம், மாதச் செலவுப் பணம், மருத்துவக் காப்புறுதி, போக வர விமானச் சீட்டு, மொழி கற்கும் ஆண்டு ஆகிய ஆறையும் எழுதுங்கள். எந்த உபகாரச் சம்பளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அதன் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் படித்து இந்த ஆறுக்கும் நேராகக் குறியிடுங்கள். குறி விழாத கட்டம் எதுவோ, அதுதான் உங்கள் குடும்பம் கட்ட வேண்டிய பணம்.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளம் இந்தத் தாளில் பெரும்பாலான கட்டங்களை நிரப்பும். இளநிலைப் பட்டத்துக்குச் செல்பவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. போக வர விமானச் சீட்டும் மாதம் 117,000 யென்னும் கிடைக்கின்றன. முதல் ஆண்டு முழுவதும் ஜப்பானிய மொழியும் அடிப்படைப் பாடங்களும் கற்பிக்கப்படுகின்றன. பிறகு நான்காண்டுப் பட்டப்படிப்பு. ஆனாலும், போய் இறங்கியவுடன் ஏற்படும் செலவுகளுக்குச் சுமார் 2,000 அமெரிக்க டாலர் கொண்டுவருமாறு அவர்களே அறிவுறுத்துகிறார்கள். இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டுவிட்டுக் கடைசி மாதத்தில் தவிக்கும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்குப் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியுள்ளது. அதைவிடப் பெரியது விசாவுக்கான முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 11,904 யூரோவை வங்கியில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. இலவசப் படிப்பு என்று கேட்டு மகிழ்ந்த தோட்டத்துக் குடும்பம் இந்தத் தொகைக்கு எங்கே போகும்? உபகாரச் சம்பளம் இல்லாமல் ஜெர்மனிக்குச் செல்லும் வழியை நான் எந்தப் பெற்றோருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று இந்திய அரசு நடத்தும் எஸ்.பி.டி.சி. திட்டத்தையும் பலர் முழு உதவி என்று எண்ணுகிறார்கள். அது படிப்புச் செலவில் 75 விழுக்காட்டை, ஆண்டுக்கு 4,000 அமெரிக்க டாலர் என்ற உச்சவரம்புக்குள் தருவது. நல்ல உதவிதான், ஆனால் முழு உதவி அன்று. முழு உதவி வேண்டுவோர் இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றமான ஐ.சி.சி.ஆர். வழங்கும் உபகாரச் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். அதில் பி.இ., பி.டெக். படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம்.

இரண்டாம் படி: நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள்?

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவருக்கும், ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்தவருக்கும், பட்டம் பெற்றவருக்கும் திறந்திருக்கும் கதவுகள் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பவர்கள் ஓராண்டை இழக்கிறார்கள்.

எஸ்.பி.எம். என்பது பதினோராண்டுப் பள்ளிப்படிப்பு. பல நாடுகள் பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கேட்கின்றன. எனவே எஸ்.பி.எம். முடித்த கையோடு செல்லக்கூடிய முழு உதவிகள் குறைவு. அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியவை நம் நாட்டுப் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.யின் திட்டங்கள். ஜப்பான், கொரியா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளுக்குப் பெரும்பாலும் தொழில்நுட்பத் துறைகளுக்காக மாணவரை அனுப்பும் ஜே.கே.பி.ஜே. திட்டம் அவற்றில் ஒன்று. 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் வழியாகவே ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் மலேசிய மாணவர்கள் அரசுச் செலவில் போகத் தொடங்கினர். ஜப்பான் செல்வோருக்கான ஆயத்தப் படிப்பு மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடந்துவருகிறது.

எஸ்.பி.எம். மாணவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று மெக்ஸ்டின் கோசென் பிரிவு. கோசென் என்பது ஜப்பானின் தொழில்நுட்பக் கல்லூரி. இதற்குப் பதினோராண்டுப் பள்ளிப்படிப்பு போதும். ஓராண்டு மொழி, பிறகு மூன்றாம் ஆண்டில் சேர்ந்து மூன்றாண்டுப் படிப்பு. தேர்வில் ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றுடன் இயற்பியல் அல்லது வேதியியல் உண்டு. பட்டறையில் கை அழுக்காகக் கற்க விரும்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் முடிவில் கிடைப்பது இளநிலைப் பட்டம் அன்று. நன்றாகப் படித்தவர் பிறகு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். பொறியியலாளராகப் பதிவு பெற நினைப்பவர் அந்த மாற்றத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எஸ்.டி.பி.எம். எழுதுவதைப் பின்னடைவாகப் பார்க்கும் மனப்பான்மை நம்மிடையே உள்ளது. வெளிநாடு போக விரும்புபவருக்கு அது பெரும்பாலும் நன்மையே. பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதைப் பிரிட்டனின் ஏ-லெவலுக்கு நிகராக ஏற்கின்றன. பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷனோ உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்து அமைந்தது. அதை வைத்து வெளிநாட்டில் விண்ணப்பிக்க எண்ணுபவர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே இறங்க வேண்டும்.

பட்டம் பெற்றவருக்கோ கதவுகள் மிகப் பல. இதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதினெட்டு வயதில் கிடைக்காததைக் கிடைக்கவே கிடைக்காது என்று எண்ணிவிடுகிறார்கள். நிபோங் திபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் போன்ற உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் குறைந்த கட்டணத்தில் பட்டத்தை முடித்துவிட்டு, முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ முழு உதவியுடன் செல்லலாம். சவுதி அரேபியாவின் காவ்ஸ்ட் பல்கலைக்கழகம் தான் சேர்த்துக்கொள்ளும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டணம், வீடு, மாதப் பணம் ஆகியவற்றைத் தருகிறது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டம் மாதம் 1,400 யூரோ தருகிறது. பிரிட்டனின் செவனிங், குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் உள்ளவருக்கு ஓராண்டு முதுகலைச் செலவு முழுவதையும் ஏற்கிறது. அமெரிக்காவில் பொறியியல் முனைவர் பட்டம் பெரும்பாலும் ஆய்வு உதவியாளர் பணியோடு வரும். கட்டணம் தள்ளுபடியாகும், மாதப் பணமும் உண்டு. அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டுமென்பதில்லை. நல்ல இளநிலைப் பட்டமே போதும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு கதவின் இயல்பையும் அறிந்துகொள்ளுங்கள்

இளநிலைப் பட்டத்துக்கான மெக்ஸ்ட் தேர்வில், பொறியியல் பிரிவினர் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு ஜப்பானிய மொழித் தேர்விலும் உட்கார வேண்டும். மொழி தெரியாதவரும் அதை எழுதியே ஆக வேண்டும். ஆனால் விண்ணப்பிக்க மொழியறிவு நிபந்தனை அன்று. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் விடைகளும் ஜப்பானிய அரசின் கல்வி இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணித வினாக்கள் நம் எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தைத் தாண்டியவை. விடையை மட்டும் கட்டத்தில் எழுதும் வகை வினாக்கள் நிறைய இருப்பதால், வழிமுறைக்கு மதிப்பெண் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகள் சிறு கணக்குப் பிழையில் முழு மதிப்பெண்ணையும் இழக்கிறார்கள். என்னிடம் வருபவர்களுக்கு முதல் இரண்டு மாதம் ஒரே பயிற்சிதான்: பழைய தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுவது, பிழையான ஒவ்வொரு வினாவையும் மறுநாள் விடையைப் பார்க்காமல் மீண்டும் போடுவது.

கொரிய அரசின் ஜி.கே.எஸ். உபகாரச் சம்பளத்துக்குத் தேர்வு இல்லை. பள்ளி மதிப்பெண் 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் போட்டால் தகுதி நீக்கம்தான். முதல் ஆண்டு மொழிப் படிப்பின் முடிவில் டோப்பிக் மொழித் தேர்வில் 3ஆம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்பு தொடங்கும். எனவே விண்ணப்பம் போட்ட நாளிலேயே கொரிய எழுத்துகளைக் கற்கத் தொடங்கச் சொல்கிறேன். அந்த எழுத்துகளைப் பிடிக்க ஒரு வாரம் போதும், அதன் பிறகு வரும் இலக்கணம்தான் காலம் கேட்கும். பெயர்ச்சொல்லோடு உருபு ஒட்டுவதும் வினை கடைசியில் வருவதும் தமிழில் இருப்பதைப் போலவே அங்கும் இருப்பதால், தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் அதை ஆங்கிலத்தின் வழியாகப் புரிந்துகொள்ள முயலாமல் நேரே தமிழின் வழியாகப் புரிந்துகொள்ளலாம்.

துருக்கி அரசின் துர்கியே புர்ஸ்லாரி இளநிலைக்கு 21 வயதுக்குட்பட்டவர்களை எடுக்கிறது. பொறியியலுக்கு 70 விழுக்காடு இருந்தால் விண்ணப்பிக்கலாம். விடுதியும் அதில் அடங்கும். சீன அரசின் உபகாரச் சம்பளமும் விடுதியோடு வருகிறது; இளநிலை மாணவருக்கு மாதம் 2,500 யுவான். புருணை அரசும் புருணை தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட தன் பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவரை முழு உதவியுடன் எடுக்கிறது. வீட்டுக்கு அருகில், பழகிய மொழியில் படிக்க விரும்புபவருக்கு அது பொருந்தும்.

சிங்கப்பூரைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகங்களின் ஆசியான் இளநிலை உபகாரச் சம்பளத்தில் வேலைப் பிணை இல்லை என்று எழுதியிருக்கும். ஆனால் அது சிங்கப்பூர் அரசின் கல்விக் கட்டண மானியத்தோடு சேர்ந்தே வருவதால், அந்த மானியத்துக்கான மூன்றாண்டு வேலை ஒப்பந்தம் உங்களைக் கட்டும். மூன்றாண்டு அங்கு வேலை செய்வது பலருக்கு நன்மையாகவே அமையும் என்றாலும், தெரிந்து கையெழுத்திட வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி., பிரின்ஸ்டன் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் வறுமையைச் சேர்க்கையில் குறையாகக் கொள்வதில்லை. சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாங்களே ஏற்கின்றன. ஆண்டு வருமானம் 100,000 டாலருக்குக் குறைந்த குடும்பத்தின் பிள்ளைக்கு வழக்கமான சொத்து மட்டுமே இருந்தால், எம்.ஐ.டி.யில் பெற்றோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. நம் தோட்டங்களின் எந்தத் தொழிலாளியின் வருமானமும் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது. ஆனால் வெளிநாட்டவருக்கான இடங்கள் மிகக் குறைவு. நான்காம் படிவத்திலிருந்தே ஒலிம்பியாட், சொந்த ஆய்வு என்று ஈடுபட்டிருக்கும் பிள்ளையைத் தவிர மற்றவர்கள் இதற்கே எல்லா நேரத்தையும் கொடுத்துவிட வேண்டாம்.

நான்காம் படி: பட்டத்துக்கு ஊரில் மதிப்பு உண்டா?

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரும்பி வந்து மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிய வேண்டுமானால், படித்த பாடத்திட்டம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பொறியியல் பாடத்திட்டங்களுக்கு ஒரு நாடு தரும் அங்கீகாரத்தை மற்ற நாடுகளும் ஏற்பதற்காக 1989இல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009இல் முழு உறுப்பு நாடானது. ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், துருக்கி, இந்தியா, சீனா, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவையும் உறுப்பு நாடுகள். ஒரு நாடு உறுப்பு என்பதால் அங்குள்ள எல்லாப் பாடத்திட்டங்களும் ஏற்கப்பட்டுவிடும் என்று எண்ணக் கூடாது. அந்த நாட்டு அங்கீகாரக் குழுவின் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகமும் குறிப்பிட்ட துறையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு இது மிகவும் பொருந்தும். ஜெர்மனி இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்குப் படித்தவர் வாரியத்திடம் தனியாக மதிப்பீடு கேட்க வேண்டிவரும்.

ஐந்தாம் படி: நாட்காட்டி

சுவரில் மாட்டும் நாட்காட்டியிலேயே எழுதுங்கள். துருக்கிக்கு ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை. சீனாவுக்கு ஆண்டின் முதல் மாதங்கள். கொரிய முதுகலைக்குப் பிப்ரவரி, மார்ச்; கொரிய இளநிலைக்குச் செப்டம்பர், அக்டோபர். ஜப்பானுக்கு ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள், தூதரக அறிவிப்புப்படி. செவனிங் ஆகஸ்டில் திறக்கும். எராஸ்மஸ் முண்டஸ் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். எம்.ஐ.டி. ஜனவரித் தொடக்கத்தில் மூடும்.

2021 முதல் 2025 வரை எஸ்.பி.எம். முடிவுகள் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் வந்தன. முடிவுகள் வந்த பிறகு ஜே.பி.ஏ. இணைய விண்ணப்பம் திறந்திருக்கும் நாட்கள் மிகக் குறைவு. தோட்டத்தில் இணைய வசதி மந்தமாக இருக்கும். கடைசி நாள் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் தளமும் மந்தமாகும். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னதையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பத்திரங்கள், முக்கியமாகப் பெயர்

பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, கடவுச்சீட்டு, எஸ்.பி.எம். சான்றிதழ், ஆறாம் படிவ முடிவுகள், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாட நடவடிக்கைச் சான்றுகள், தந்தையின் சம்பளச் சீட்டு ஆகிய எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் தந்தை பெயரில், பிறப்புப் பத்திரத்தில் ஓர் 'எச்' இருந்தது. விடுகைச் சான்றிதழில் இல்லை. பதினேழு ஆண்டுகளாக வீட்டில் எவர் கண்ணிலும் படவில்லை. தூதரகப் படிவத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது. திருத்திய கடிதம் கைக்கு வர ஆறு வாரம் ஆனது. நல்ல வேளை, இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தோம்.

அடுத்தது, இன்னாரின் மகன், மகள் என்று நம் பெயர்களில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' பிரச்சினை. வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்கவும் மாட்டா. சொந்தப் பெயரை இயற்பெயருக்கான கட்டத்திலும் தந்தை பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்திலும் எழுதுவது பொதுவாகப் பொருந்தும். எப்படி எழுதினாலும் முதல் படிவத்திலிருந்து விமானச் சீட்டு வரை ஒரே மாதிரி எழுதுங்கள், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கோவையை விட்டு விலகாதீர்கள். ஓரிடத்தில் சேர்த்தும் ஓரிடத்தில் விட்டும் எழுதினால், இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுக்க அலைய வேண்டியிருக்கும்.

கடவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஐந்தாண்டுக்கு 200 ரிங்கிட். ஐயல்ட்ஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் முடிவுகள் இரண்டாண்டுகளே செல்லும் என்பதால் அவற்றை மிகவும் முன்கூட்டி எழுத வேண்டாம். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். அவரிடம் வெறுங்கையோடு போகாமல், நீங்கள் அவர் வகுப்பில் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "ஒழுக்கமான மாணவர்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை.

ஏழாம் படி: கட்டுரை

இங்குதான் நம் பிள்ளைகள் தங்களிடம் இருக்கும் பொருளை மறைத்துவிட்டு, பிறர் எழுதியதைப் போல எழுதுகிறார்கள். ஒரு பையன் கொண்டுவந்த கட்டுரை, "சிறு வயது முதலே பொறியியலாளராக வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கியது. அதை மூடி வைத்துவிட்டு, "தம்பி, வீட்டில் எதையாவது பழுது பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, லயத்தின் கடைசி வீட்டில் மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் நூலாகத்தான் வரும் என்றான். அதற்கு என்ன செய்தான் என்று கேட்டபோது மெல்லச் சொல்லத் தொடங்கினான். ஒரு வாளியையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒவ்வொரு குழாயிலும் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பள்ளி நோட்டில் எழுதியிருக்கிறான். ஐந்தாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் இடையில் எண் திடீரென்று கூடியது. அந்த இடத்தில் பழைய இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்துக் குறுகியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கிறான்.

அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பென்சில் எண்கள், ஓரத்தில் ஈரக் கறை. அதையே கட்டுரையாக எழுதச் சொன்னேன். குழாய் மாற்றப்பட்டதா என்று கேட்டேன், இல்லை என்றான். அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன், ஏனென்றால் காரணத்தைக் கண்டுபிடித்தும் பிறரைச் செய்ய வைக்க முடியாமல் போனதும் பொறியியலின் ஒரு பகுதிதான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இப்படி எழுத எத்தனையோ உண்டு. செம்பனை ஆலையில் குலைகள் ஏன் நீராவியில் வேக வைக்கப்படுகின்றன, வெட்டிய குலையைத் தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏன் கூடுகிறது, பிழிந்தபின் மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனில் எரிந்து அந்த ஆலைக்கே மின்சாரம் தருவது எப்படி என்பவை, பட்டணத்துப் பிள்ளை புத்தகத்தில் மட்டும் படிப்பவை. உங்கள் அப்பாவிடம் கேட்டால் இன்று மாலையே விளக்குவார். வறுமையை விவரித்து இரக்கம் தேடும் கட்டுரையை விட, கண்ணால் பார்த்ததை அளந்து எழுதிய கட்டுரை உங்களைத் தெளிவாகக் காட்டும். நேர்காணலிலும் இதையேதான் பேசுவீர்கள் என்பதால், நேர்காணலுக்குத் தனியாக அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏன் இந்த நாடு, ஏன் இந்தத் துறை, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

எட்டாம் படி: முகவர்கள்

மெக்ஸ்ட், ஜி.கே.எஸ்., துர்கியே புர்ஸ்லாரி ஆகிய எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. என் சொந்த அக்காள் மகனிடம் ஒரு முகவர், இடத்தை உறுதி செய்து தருவதாகச் சொல்லி 1,800 வெள்ளி வாங்கிக்கொண்டார். அந்த முகவர் செய்தது, எவரும் இலவசமாக நிரப்பக்கூடிய ஒரு படிவத்தை நிரப்பியதுதான். அதிலும் பாடத்துறையைத் தவறாகக் குறித்திருந்தார். பணம் திரும்பவில்லை, அந்த ஆண்டும் போனது. அப்போது என்னிடம் கேட்காமல் போனானே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இடத்தை உறுதி செய்து தருகிறேன் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அறிவிப்பைத் தூதரகத்தின் தளத்திலோ பல்கலைக்கழகத்தின் தளத்திலோ நேரில் படியுங்கள்.

ஒன்பதாம் படி: இடைவெளிப் பணம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். விண்ணப்பம் அனுப்பும் முன்பே ஒரு பட்டியல் போடுங்கள்: கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, சான்றொப்பம், மொழிபெயர்ப்பு, தேர்வுக்கும் நேர்காணலுக்கும் போய்வர ரயில் கட்டணம், குளிர் உடை, முதல் மாதச் செலவு. இந்தத் தொகையைத் தேர்வான பிறகு தேடினால் வட்டிக்காரரிடம்தான் போக நேரும்.

2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் இருக்கும் நெகிழ்வுக் கணக்கிலிருந்து, குறைந்தது 50 ரிங்கிட் என்ற அளவில், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். அப்பாவின் கணக்கில் அதில் எவ்வளவு இருக்கிறது என்று கைப்பேசிச் செயலியில் இன்றே பாருங்கள். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் குடும்பத்தில் யாராவது உறுப்பினரா என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், நம் ஊரைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். பல வீடுகளில் அந்தப் பங்குப் பத்திரம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கிவந்துள்ளது. கல்வி நிறுவனமான எம்.ஐ.இ.டி. தருவது கடன் என்பதையும், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்து அணுகுங்கள்.

உள்நாட்டு உபகாரச் சம்பளங்களுக்கு இன்னொரு தடை உண்டு. ஒப்பந்தத்தில் பிணையாளர் கையெழுத்துக் கேட்பது வழக்கம். தோட்டத்தில் எல்லோருடைய சம்பளமும் ஒன்றுபோல இருப்பதால் தகுதியான பிணையாளர் கிடைப்பது கடினம். தேர்வுச் செய்தி வந்தபின் உறவினர் வீட்டு வாசலில் நிற்பதை விட, விண்ணப்பத்தின்போதே ஆசிரியர், அரசுப் பணியில் உள்ள மாமா, சித்தப்பா எனக் கேட்டு ஒப்புதல் வாங்கி வையுங்கள். எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், படிப்பை விட்டுவிட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற இரண்டையும் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

புறப்படும் நாளில் அசல் சான்றிதழ்கள் அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும்; பெட்டியில் போடாதீர்கள். ஒவ்வொன்றின் சான்றொப்பமிட்ட நகலையும் ஒரு கோப்பில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், எந்தத் தாள் எதற்கு என்று தமிழில் ஒட்டுச்சீட்டு எழுதி. அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, "அத்தை, அண்ணன் எந்த ஃபாரம் போட்டார்?" என்று கேட்கும்போது அம்மா அந்தக் கோப்பை எடுத்துக் காட்டட்டும்.